அளவெடுத்துத் தைத்த ஆள்

கம்பெனிகளுக்குக் கணினி ஆட்களைத் தேடித் தருவது டாம்சினின் வேலை. இந்த மாதமும் ஆள் சிக்காவிட்டால் அவளுக்கே வேலை போய்விடும். இணையத்தில் டார்சி என்பவரின் தகுதிகளைப் பார்த்ததும் துள்ளினாள். அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருத்தம்! உடனே போன் செய்தாள்.

"பிரிஸ்பேன்ல, மில்டன் ஏரியால ஆபீஸ். கணினிப் பாதுகாப்புக்குத் தலைவர் பதவி. ஆத்தைப் பார்த்த ஜன்னல். தேடுறது ரகசியமா இருக்கட்டும்."

"அப்படியா? இப்ப அங்க யாரு இருக்காங்க?"

"கம்பெனியில பேர் சொல்லலை. சுத்தத் தண்டமாம். திங்கட்கிழமை தூக்கிடுவாங்க. பாவம், அந்த ஆளுக்கே இன்னும் தெரியாது."

மறுமுனையில் நாற்காலி கிறீச்சிட்டது.

"கம்பெனி மாறினதை இணையத்துல மாத்தாம விட்டது என் சோம்பேறித்தனம்தான்," என்றார் டார்சி. "ஜன்னல் வழியா ஆத்தைத்தான் பார்த்துக்கிட்டிருக்கேன். அந்தத் தண்டம் நான்தாம்மா."