கொடி எழுத்து

கடைக்கு வந்த அந்த அம்மா, மாதிரி அட்டைகள் இருந்த ஆல்பத்தைப் பின்பக்கத்திலிருந்து புரட்ட ஆரம்பித்தபோதே அதைப் பறித்து மூடிவிடலாமா என்று பார்த்தேன்.

கல்யாணப் பத்திரிகை அடிக்க வருகிறவர்கள் எல்லோரும் முதல் பக்கத்திலிருந்துதான் பார்ப்பார்கள். நாலைந்து பக்கத்துக்குள் ஏதாவது பிடித்துவிடும். அந்தத் தைரியத்தில்தான் அந்த அட்டையைக் கடைசிப் பக்கத்தில் செருகியிருந்தேன்.

“இதேதான்! என் பையன் பத்திரிகை இப்படித்தான் இருக்கணும். என்ன எழுத்து தம்பி இது?”

கொடி எழுத்து என்றேன். கடையில் நாங்கள் வைத்த பெயர். ஒவ்வோர் எழுத்தும் வளைந்து, சுழித்து, வாலை நீட்டி அடுத்ததைப் பிடித்துக்கொள்ளும். மணமக்கள் பெயருக்கு மட்டும்தான் போடுவேன். மண்டபத்தின் பெயருக்கும் போட்டால் விருந்தாளிகள் வேறு யார் கல்யாணத்திலோ சாப்பிட்டுவிட்டு வந்துவிடுவார்கள். அழகு கொள்ளை அழகு. படிக்கத்தான் முடியாது.

அந்த ஒரே நம்பிக்கையில்தான் வேலையைக் காட்டினேன். மாதிரி அட்டையில் கற்பனைப் பெயர்கள் போடவேண்டிய இடத்தில் என் பெயரைப் போட்டு, அதன் வாலை இழுத்துக்கொண்டுபோய் அவள் பெயரின் முதல் எழுத்தில் கோத்துவிட்டேன்.

அவள் என்றால், இதோ என் முதுகுக்குப் பின்னால் எழுத்தில் தங்கத்தாள் பதித்துக்கொண்டிருக்கிறாளே, அவள்தான். வேலையில் புலி. அவளிடம் மனதில் இருப்பதைச் சொல்லப் போனால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

அவள் லீவு போட்ட நாளில் அந்த அட்டைக்கு நானே தங்கம் பதித்தேன். எனக்குக் கைவராத வேலை. இரண்டு பெயரும் சேர்கிற இடத்தில், மிகச் சரியாக அங்கேதான், வால் அறுந்துபோனது. கிழித்துப் போட மனம் வராமல் ஒளித்து வைத்தேன்.

“யாரு பேரு இதெல்லாம்?” அந்த அம்மா மூக்குக்கண்ணாடியைத் தேடினார்.

“சும்மா மாதிரிக்குப் போட்டதும்மா.”

ஆல்பத்தை வாங்கக் கை நீட்டினேன். அவர் கொடுப்பதாக இல்லை. கண்ணாடியை மாட்டி, எழுத்துக்கூட்டி, என் பெயரைச் சத்தமாகப் படித்தே விட்டார்.

பின்னால் அவளுடைய தங்கத்தாள் இயந்திரம் நின்றது.

போச்சு, மானம் கப்பலேறப் போகிறது. அடுத்த பெயரையும் படித்துவிட்டால் நாளை முதல் அவள் முகத்தில் எப்படி விழிப்பது?

அவருடைய விரல் வாலைப் பிடித்துக்கொண்டு வளைந்து வளைந்து நகர்ந்தது.

“நூல் மாதிரி இருக்கு, ஒரு இடத்துலகூட அறுபடலையே!”

அறுபடவில்லையா?

எட்டிப் பார்த்தேன். என் பெயரிலிருந்து அவள் பெயர் வரைக்கும் தங்கம் முழுசாக மின்னியது. நான் ஒளித்து வைத்த அட்டையே இல்லை அது. அதே அச்சில் புதிதாகப் பதித்த அட்டை. இந்தக் கடையில் அவ்வளவு சுத்தமாகப் பதிக்கத் தெரிந்தது ஒரே ஓர் ஆளுக்குத்தான்.

சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. திரும்பிப் பார்க்கக்கூடத் தைரியம் வரவில்லை.

நல்லவேளை, அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளவில்லை.

“அது மாதிரிக்குப் போட்டது இல்லம்மா,” என்றாள் பின்னாலிருந்து. “தேதிதான் இன்னும் போடல.”