நிற்காத சொட்டு

கசிவை அடைக்கிற கேஸ்கட்தான் மோசம் என்று மெக்கானிக் மறுபடியும் சத்தியம் செய்தான். காருக்கு அடியில் மல்லாந்து கிடந்தவனின் நெற்றியில் பச்சைக் கூலண்ட் ஒரு சொட்டு விழுந்தது. வாட்டர் பம்ப் புத்தம் புதியது. முந்தின நாள் அவனே மாட்டியது.

காலையில் தம்பி போனில் அழுதிருந்தான். அம்மாவுக்கு இன்று தாண்டாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டாராம். பெரியவன் வந்துவிட்டானா என்று அம்மா ஆஸ்பத்திரி அறையின் கதவையே பார்த்துக்கொண்டு கிடக்கிறாளாம்.

அடித்துப் பிடித்துக் கிளம்பும்போதுதான் பம்புக்கு அடியில் சொட்டுவதைப் பார்த்தான். வழியெல்லாம் ஏற்றம், கூலண்ட் இல்லாமல் போனால் என்ஜின் நடு ரோட்டில் உட்கார்ந்துவிடும். பம்புக்கு மேலே ரப்பர் குழாயைக் கவ்விப் பிடித்திருக்கும் ஹோஸ் கிளிப்பை முதலில் ஒரு திருகு இறுக்கிப் பார்த்தான். பிறகு பம்பைக் கழற்றி, பழைய பசையைச் சுரண்டி, வேறு கேஸ்கட் வைத்து முடுக்கினான்.

என்ஜினை ஓடவிட்டான். ஒரு பொட்டுக் கசிவு இல்லை. கை கழுவி, சட்டை மாற்றிக்கொண்டு வந்து பார்த்தால், தரையில் பச்சையாய்ச் சொட்டிக்கொண்டிருந்தது.

மறுபடி பம்பைப் பிரித்தான். கிளிப்பைத் தொடவில்லை. தன் கையால் இறுக்கியதைத் திரும்பிப் பார்க்கிற வழக்கம் அந்தப் பெரிய மனுஷனுக்கு என்றைக்குமே கிடையாது.

மனைவி பக்கத்தை விட்டு நகரவில்லை. டார்ச் பிடித்தாள், ஸ்பானர் எடுத்துக் கொடுத்தாள், தரையைத் துடைத்துத் துடைத்து விரலெல்லாம் பச்சையாக நின்றாள். அவன் வேலை செய்கிற பக்கமே எட்டிப் பார்க்காதவள், மாமியாருக்காக இப்படி அல்லாடுகிறாளே என்று அவனுக்கு மனசு இளகியது.

"உங்களால சரிபண்ண முடியலன்னா விடுங்க. வாடகைக் காரக் கூப்பிடட்டுமா?" என்று கேட்டாள்.

அவனுக்குச் சுருக்கென்றது. ஊரார் வண்டியையெல்லாம் ஓடவைக்கிறவன் வாடகைக் காரில் போய் இறங்கினால் தம்பி என்ன நினைப்பான்? சாகக் கிடக்கிற அம்மாவைவிட அந்த நினைப்புதான் அப்போது அவனுக்குப் பெரிதாக இருந்தது.

"இன்னும் கொஞ்ச நேரம்தான். பேசாம டார்ச்சப் பிடி."

அவள் பேசாமல் பிடித்தாள். போன வருஷம் அவளுடைய அப்பா இழுத்துக்கொண்டு கிடந்தபோது இப்படியா பொறுமையாக இருந்தாள்? பட்டறை வாசலில் வந்து நின்று, போகலாம் போகலாம் என்று உயிரை வாங்கினாள். சாயங்காலத்துக்குள் தருவதாகச் சொன்ன வண்டி ஒன்று கையில் இருந்ததால், "வேலை முடியட்டும், கிளம்பலாம்" என்று காருக்கு அடியில் இருந்தபடியே சொல்லி அனுப்பினான்.

போய்ச் சேர்ந்தபோது அவர் முகத்தைத் துணியால் மூடியிருந்தார்கள். அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பெரிய மனசு, மறந்துவிட்டாள் என்று அவனும் நிம்மதியாக இருந்துவிட்டான்.

மறுபடி மாட்டி, கூலண்ட் ஊற்றி ஓடவிட்டான். சொட்டு நின்றது. கை கழுவிவிட்டுத் திரும்பினால், முன்னைவிட வேகமாக ஒழுகியது.

போன் அடித்தது. தம்பிதான்.

"அண்ணே, அம்மா போயிட்டாங்க. கடைசி வரைக்கும் கதவத்தான் பாத்துக்கிட்டே இருந்தாங்க."

மெக்கானிக் சக்கரத்தில் சாய்ந்து, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். ஒரு சொட்டுக் கசிவை நிறுத்தத் துப்பில்லாத நானெல்லாம் ஒரு மெக்கானிக்கா என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதான். பெற்றவள் காத்துக் கிடந்த நேரமெல்லாம் இந்தப் பம்பைக் கட்டிக்கொண்டு அழுதோமே என்று நெஞ்சு வெடித்தது.

மனைவி அழவில்லை. திறந்திருந்த பானெட்டுக்குள் குனிந்து, மேலே இருந்த ஹோஸ் கிளிப்பை ஸ்க்ரூடிரைவரால் நிதானமாகத் திருகி இறுக்கினாள். ஒழுகல் சொட்டாகி, சொட்டும் நின்றது.

அவன் அழுகையை மறந்து அவளை அண்ணாந்து பார்த்தான். அவள் விரல்களைத் துணியில் துடைத்துக்கொண்டு பானெட்டைச் சாத்தினாள்.

"வேலை முடிஞ்சிருச்சு. கிளம்பலாம்."