சுத்தமான சத்தம்

மதிய வெயில் கணினி மேசைத் தூசியின்மேல் விழுந்து கிடக்கிறது. கணினிக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் மாட்ட அண்ணன் ஆசையாக வரவழைத்த ஒலிப்பெட்டி, அவர் இறந்த மறுவாரம்தான் வந்து சேர்ந்தது. தம்பி இன்றைக்கு அதைப் பிரித்துக் கணினியோடு இணைக்கிறான். ஒலியை ஒளியாகக் கடத்தும் கேபிளின் நுனியில் சிவப்பு வெளிச்சம் துளியாக எரிகிறது. திரையில் டிஜிட்டல் அவுட்புட்டைத் தேர்ந்தெடுத்து, ஸ்பீக்கரை முழுச் சத்தத்துக்குத் திருகுகிறான். "பாட்டு போடறதுக்கு முன்னாடி கேளுங்க அண்ணி. அண்ணன் தினமும் மல்லுக்கட்டுவாரே, அந்த 'ஙொய்'ங்கற இரைச்சல், அது சுத்தமா போயிடுச்சு." யாருக்காவது கொடுத்துவிடலாமென்று கணவரின் சட்டைகளை மடித்துக்கொண்டிருக்கும் அண்ணி, கையை நிறுத்தி ஸ்பீக்கர் பக்கம் தலையைச் சாய்க்கிறாள். "ஆமாம்ப்பா," என்கிறாள். "ஒண்ணுமே கேக்கல." பிறகு அடுத்த சட்டையை எடுத்துக் காலரை நீவுகிறாள். தம்பி பாட்டைப் போடவில்லை.