மூன்றாம் தொட்டி

கீபோர்டைக் காணவில்லை.

யூஜினா வாட்டுத் தொட்டியின் ஓரத்தில் குனிந்து, பச்சைத் தேயிலைக் கொழுந்துக்குள் முழங்கை வரை கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள். காலையில் வைத்தபோது இந்த மூன்றாம் தொட்டி வெறும் கம்பி வலையாகத்தான் கிடந்தது. அவள் சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் மதியக் கொழுந்தைக் கொண்டுவந்து பரப்பிவிட்டார்கள்.

தொட்டி எண்பது அடி நீளம். மணி ஒன்று நாற்பது.

இரண்டு மணிக்குக் கொழும்பிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். தொழிற்சாலை சுத்தமாக இருக்கிறதா என்று பார்த்துச் சான்றிதழ் கொடுப்பவர்கள். அவர்கள் கேட்கக் கேட்க, கம்ப்யூட்டரில் உள்ள படிவத்தில் பதிலை அடிக்க வேண்டியது யூஜினாதான். ஆபீஸில் இருப்பதோ ஒரே கீபோர்ட். அவள் வேலைக்கு வந்து ஆறு வாரம் ஆகிறது. மூன்று மாதம் ஒழுங்காகத் தள்ளினால்தான் நிரந்தரம்.

எல்லாம் அந்த N செய்த வேலை. போன வாரம் சீனி போட்ட பிளேன்டீயை அதன் மேல் கொட்டிவிட்டாள். அதிலிருந்து அமுக்கினால் அமுங்கியபடியே கிடக்கும், வரி முழுக்க N ஆக ஓடும்.

இன்று காலை முதலில் கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தாள். தேயிலைத் தூள் கொட்டியது, பிஸ்கட் பொடி கொட்டியது, அவள் இந்த ஆபீஸுக்கு வந்த நாளிலிருந்து தின்றேயிராத முறுக்கு ஒரு துண்டும் விழுந்தது. பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தாள். ஊக்கால் N ஐ நெம்பினாள். அது துள்ளிப் போய் அலமாரிக்கு அடியில் ஒளிந்துகொண்டது. தரையில் படுத்து அதை எடுத்து மாட்டியும் ஒட்டுதல் போகவில்லை. அப்புறம் எங்கிருந்து அந்தப் புத்தி வந்ததோ, குழாயடிக்குக் கொண்டுபோய்த் தலை முழுக வைத்துவிட்டாள்.

கழுவிய பிறகுதான் வானத்தைப் பார்த்தாள். பூண்டுலோயாவில் வெயிலைக் கண்டு ஒன்பது நாள். நனைந்த போனை அரிசிக்குள் போடுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறாள். ஆபீஸில் இருந்த அரிசி அவள் சாப்பாட்டுப் பெட்டிக்குள் இருந்தது, வெந்து, பருப்போடு.

ஆகவேதான் மாடிக்கு வந்தாள். தொட்டிக்கு அடியிலிருந்து பெரிய விசிறி சுடுகாற்றை ஊதி, கொழுந்தை வாட்டும் இடம். கொழுந்தே வாடுகிற காற்றில் ஒரு கீபோர்ட் காயாதா?

பின்னால் ஒரு செருமல் கேட்டது.

டீமேக்கர் பத்திநாதன். கொழுந்து உள்ளே வந்ததிலிருந்து தூளாகிப் போகும்வரை அவர் பொறுப்பு. தேயிலை பக்கத்தில் உள்ள வாசத்தையெல்லாம் இழுத்துக்கொள்ளும் என்று, தலைவலித் தைலம் பூசி வந்தவனை வாசலோடு திருப்பி அனுப்பிய மனிதர். அவருடைய கொழுந்துக்குள் கீபோர்ட் என்றால், நிரந்தரம் கிடக்கட்டும், நாளைக்கே வீட்டில்தான் இருக்க வேண்டும்.

ஒரு பொய் சொல்லலாமா என்று நினைத்தாள். முழங்கை வரை கொழுந்து ஒட்டிய கையை வைத்துக்கொண்டு என்ன பொய்யைச் சொல்வது?

"கீபோர்ட கழுவிட்டேன்ங்க ஐயா. காயட்டும்னு இங்க வச்சேன். இப்ப காணோம்ங்க."

கீழே வான் ஒன்று வந்து நின்றது. இருபது நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டார்கள்.

பத்திநாதன் திட்டவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது. விசிறியை அணைத்தார். முழங்கால் சொடுக்க உட்கார்ந்து, தொட்டிக்கு அடியில் காற்றுப் போகும் பாதையின் சின்னக் கதவைத் திறந்தார். தோள் வரை கையை விட்டுக் கீபோர்டை எடுத்து நீட்டினார். வாங்கினாள், சுட்டது. ஈரம் என்று ஒரு பொட்டு இல்லை.

"வல மேல வச்சா தூசிதான் ஏறும் பிள்ள. காலையிலயே பாத்துட்டு உள்ள மாத்தி வச்சிட்டேன்."

அவள் உயிர் திரும்பி வந்தது. அவர் காலில் விழுந்திருப்பாள், நேரம்தான் இல்லை. மூச்சு சீரான பிறகுதான் தோன்றியது: உள்ளே வைத்தால் இப்படிக் காயும் என்று இவருக்கு எப்படித் தெரியும்?

படியில் சப்பாத்துச் சத்தம் கேட்டது. பத்திநாதன் மறுபடியும் உள்ளே கையை விட்டார், இந்த முறை இரண்டு கையையும், மெதுவாக.

வெளியே வந்தது ஒரு சின்ன வெள்ளைக் கவுன். அதோடு ஒரு ஜோடிக் காலுறை, தலைக்குப் போடும் வலைத்துணி.

அவள் முகத்தைப் பார்க்காமல் அவற்றை மடித்துக் கீபோர்டின் மேல் வைத்தார்.

"வாசமில்லாத சவுக்காரத்துலதான் தொவச்சது" என்றார், யாரோ குற்றம் சாட்டிவிட்டதுபோல. "கசங்காம உங்க மேச லாச்சியில வைங்க."

போன ஞாயிறு பூசையில், வெள்ளை உடுத்தி முதல் நன்மை வாங்கப்போகிற பிள்ளைகளின் பெயர்களை ஃபாதர் வாசித்தது அவளுக்கு நினைவு வந்தது. ஷாமிலா பத்திநாதன் என்று ஒரு பெயர் இருந்தது. யூஜினாவுக்கு அந்த மனிதரைத் திடீரென்று மிகவும் பிடித்துப்போயிற்று. பின்படி வழியாக இறங்கி ஓடினாள்.

ஒரு மணி நேரம் கழித்து, மாடியெல்லாம் பார்த்துவிட்டு வந்த அதிகாரி ஆபீஸில் உட்கார்ந்து, சிங்களத்தில் ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டார். யூஜினா இங்கிலீஷில் அடித்துக்கொண்டே வந்தாள். இருபத்தேழாவது கேள்வி: கொழுந்து வாட்டும் இடத்தில், கொழுந்தைத் தவிர வேறு பொருள் எதுவும் வைக்கப்படுகிறதா?

பத்திநாதன் சுவரில் இருந்த கலண்டரை வெகு கவனமாகப் படித்துக்கொண்டிருந்தார்.

யூஜினா லாச்சியை முழங்காலால் இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளினாள். பிறகு N ஐ அமுக்கி விரலை எடுத்தாள்.

ஒரே ஒரு N விழுந்தது. அதன் பக்கத்தில் ஒரு o வை அடித்துவிட்டு, அடுத்த கேள்விக்காக அதிகாரியைப் பார்த்தாள்.