இரத்மலானையிலிருந்து ஒரு மணித்தியாலம்

இதை எனக்கு முதலில் சொன்னவள் பக்கத்து வீட்டு ஆகிலா. அவளுடைய வாப்பா ஸைனுலாப்தீனை அடக்கிவிட்டு, ஆண்கள் மையவாடியிலிருந்து திரும்பிய பின்னேரம்.

"எங்கட உம்மாக்கு நெஞ்சில ஈரமே இல்ல மாமி. நானா வாறதுக்குள்ள வாப்பாவை எடுக்கச் சொல்லிட்டா."

அவளுடைய நானா, மூத்தவன் ஹிஷாம், கொழும்பில் கடை வைத்திருக்கிறவன். வாப்பா மௌத்தானது விடியற்காலை சுபஹோடு. செய்தி அப்போதே போய்விட்டது.

"இரத்மலானையில பிளேன் ஏறினா ஒரு மணித்தியாலத்தில மட்டக்களப்பு. அங்கிருந்து எங்கட மருதமுனைக்கு வேனில எவ்வளவு நேரம்? இண்டைக்குப் பிளேனும் இரிந்திச்சு மாமி. பள்ளிவாசல் பளீல் மரைக்காரே, 'மகனுக்காகப் பின்னேரம் அஸர் வரைக்கும் வைப்பமே' எண்டு கேட்டார். உம்மா என்ன சொன்னா தெரியுமா? 'மையத்தைத் தாமதிக்கக் கூடாது, பகல் லுஹரோட எடுங்க' எண்டா!"

ஊரும் அதைத்தான் கதைத்தது.

"பெரிய மார்க்கம் தெரிஞ்ச பொம்புள! பெத்த புள்ள ஒரு பிடி மண் போட விடல்லியே" என்று முன் வீட்டு ஜெனூபா வேலியோரம் நின்று சொன்னாள்.

"அல்லாஹ் பொறுக்கணும்" என்றேன். எனக்கும் உள்ளுக்குள் கோபம்தான்.

மறுநாள் ஹிஷாம் வந்தான், அந்தப் பிளேனில்தான். வீடு நிறைய ஆட்கள். உம்மா சுல்பிகா, புருஷன் மௌத்தானதற்காக இத்தா இருக்கிற அறை வாசலில் நின்று குரல் வைத்து அழுதான்.

"ஒரு மணித்தியாலம் உம்மா! ஒரு மணித்தியாலம் பாத்திருக்க ஏலாமப் போயிட்டா உங்களுக்கு?"

பெண்களெல்லாம் அழுதார்கள். ஆகிலா நானாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உம்மாவை முறைத்தாள். சுல்பிகா தஸ்பீஹ் மணியை உருட்டியபடி தலை குனிந்திருந்தாள்.

சனம் கலைந்த பிறகு அவளருகில் போய் இருந்தேன்.

"நீ செய்தது சரியா சுல்பிகா? புள்ள எப்பிடித் துடிக்கான் பாத்தியா?"

"அவன்தான் எடுக்கச் சொன்னான் ராத்தா."

"எவன்?"

"ஹிஷாம். நான் கோல் எடுத்தப்ப, 'புதுக் கடை திறக்கிறம், பெரிய ஆக்களெல்லாம் வாறாங்க, இண்டைக்கு வர ஏலாது. என்னைப் பாக்காம எடுங்க உம்மா, பிளேனில சீட் இல்லயாம் எண்டு சொல்லிடுங்க' எண்டான்."



"அவர்ட மையத்துக்குப் பக்கத்தில இரிந்துகொண்டு பொய் சொல்ல வாய் வரல்ல ராத்தா. உண்மையைச் சொன்னா ஊரே அவன்ட மூஞ்சில துப்பும். மையத்தைத் தாமதிக்கக் கூடாது எண்டது உண்மைதானே? அதைச் சொன்னன்."

"அப்ப, இவ்வளவு சனத்துக்கு முன்னால உன்னையே கேக்கிறதுக்கு அவனுக்கு எப்பிடி வாய் வந்திச்சு?" என் குரல் உயர்ந்துவிட்டது.

அவள் பதறிப்போய் என் கையைப் பிடித்தாள்.

"அடுத்த அறையில தூங்கிறான் ராத்தா. பயணம் வந்த களைப்பு. கொஞ்சம் மெல்லக் கதைங்க."