முதல் காட்சி

"பொறுங்கோ, கலர் சரியில்லை."

சிவசம்பு இப்படிச் சொன்னதும் ஹாலில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆரம்பித்துவிட்டார் மனிதர்!

ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு அவர் லேசர் டிஸ்க் பிளேயர் வாங்கினார். அதிலிருந்து சனிக்கிழமை சாயங்காலமானால் பிரிக்பீல்ட்ஸில் அந்தத் தெருவே அவர் வீட்டில்தான். சாப்பாட்டுத் தட்டு மாதிரி பளபளக்கும் டிஸ்க்கை அவர் உறையிலிருந்து எடுக்கும்போது ஒருவரும் மூச்சு விடமாட்டார்கள்.

ஆனால் படம்தான் நகராது. முதல் காட்சியை ஓடவிட்டு, கலரைக் கூட்டுவார், குறைப்பார். கதாநாயகி பச்சையாவாள், பிறகு சிவப்பாவாள். சத்தத்தில் பேஸ் அதிகம் என்பார், ட்ரெபிள் போதாது என்பார். மறுபடி முதலிலிருந்து போடுவார். பெருமை பீற்றிக்கொள்ளத்தான் இந்தக் கூத்து என்று தெருவே பேசியது.

அடுத்த வீட்டுப் புஷ்பவல்லிக்கு எரிச்சலான எரிச்சல். அவள் பிள்ளைகள் எந்தப் படத்திலும் முடிவைப் பார்த்ததில்லை, அதற்குள் தூங்கிவிடும். அதனால் இந்த வாரம் கிள்ளானிலிருந்து தம்பி ஜெயராஜை வரவழைத்திருந்தாள். அவனுக்கு டிவி கடையில் வேலை.

"அங்கிள், என் தம்பி பார்க்கட்டும் லா. அவன் வேலையே இதுதான்."

சிவசம்பு மறுப்பதற்குள் ரிமோட் கை மாறிவிட்டது. ஜெயராஜ் நாலைந்து பட்டனைத் தட்டினான்.

திரையில் மழை. துளித் துளியாக எண்ணலாம் போலிருந்தது. இடிச் சத்தம் நெஞ்சுக்குள் இறங்கியது. முன்வரிசைக் குழந்தை ஒன்று நனைந்துவிடுவோமென்று காலை இழுத்துக்கொண்டது.

சிவசம்புவின் முகம் மட்டும் விழுந்துவிட்டது. தண்ணீர் குடிக்கலாம் வா என்று ஜெயராஜைச் சமையலறைக்கு அழைத்துப் போனார்.

"தம்பி, அதைக் கொஞ்சம் கெடுத்து விடுங்கோ."

ஜெயராஜுக்கு ஒன்றும் புரியவில்லை.

"பின்வீட்டு மாரியாயி இன்னும் வேலையால வரேல்லை. ஆஸ்பத்திரியில கிளீனர். பஸ் பிந்தும். படம் தொடங்கியிருந்தா வாசலோட திரும்பிடுவா. ஒருக்கா அப்பிடிப் போனதைக் கண்டனான்."

"அவங்க வரட்டும்னு எல்லார்கிட்டயும் சொல்லிடலாமே அங்கிள்?"

"தனக்காக இத்தனை பேர் காத்திருக்கினம் எண்டு தெரிஞ்சா, வெக்கத்தில பிறகு வரவே மாட்டா."

ஜெயராஜ் மலைத்துப் போனான். ஒருத்தி வெட்கப்படக்கூடாது என்பதற்காக ஒரு தெருவின் கேலியையே வாரா வாரம் வாங்கிக் கட்டிக்கொள்கிற மனிதரை அவன் இதுவரை பார்த்ததில்லை.

ஹாலுக்குத் திரும்பி ரிமோட்டை எடுத்தான். மழை பச்சையாகப் பெய்யத் தொடங்கியது. புஷ்பவல்லி அவனை முறைத்தாள்.

"நான்தான் அவசரப்பட்டுக் கெடுத்துட்டேன் அக்கா. சரிபண்ண நேரமாகும் லா."