ஒரு நாளைக்கு ரெண்டு டிரஸ்

"பிள்ளை பெத்து மூணு மாசம்தான் ஆகுது. அந்தப் பொண்ணைப் போயி இப்படிப் படுத்துறாங்களே."

பில் போடும் அக்கா தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டார். அந்தத் துணிக்கடையில் பெண்கள் பிரிவுக்கு நேர் எதிரே அவர் மேஜை. வேண்டாம் என்றாலும் எல்லாம் கண்ணில் படும்.

படுத்துகிறவர் சூப்பர்வைசர் அம்மா. நடையிலும் உடையிலும் ஒரு மடிப்புக் கலையாது. முதுகுக்குப் பின்னால் கடையே அவருக்கு வைத்திருந்த பெயர் 'இஸ்திரி'.

அந்த விற்பனைப் பெண் கர்ப்பமாக இருந்தபோதே இஸ்திரி ஆரம்பித்துவிட்டார். தொளதொளவென்று எதையாவது மாட்டிக்கொண்டு வந்தால் விட மாட்டார். கடைக்குப் புதிதாக வந்த கவுனைப் போடச் சொல்லி, உதட்டுச் சாயம் பூசச் சொல்லி, ஏழு மாத வயிறோடு வாசலுக்கு நேரே நிறுத்துவார். "வயித்தை மறைக்காதே. நிமிந்து நில்லு" என்பார். அவள் போட்டு நின்ற கவுன் சாயந்தரத்துக்குள் விற்றுத் தீர்ந்துவிடும். கர்ப்பமான பெண்களை மூட்டை தூக்கும் கிடங்குக்கு மாற்றிவிடுகிற முதலாளி, இவளை மட்டும் மாற்றவில்லை.

குழந்தை பிறந்து திரும்பி வந்த பிறகு கெடுபிடி இன்னும் கூடிவிட்டது. முற்பகலில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை டிரஸ் மாற்ற வேண்டும். அதுவும் இஸ்திரி எடுத்துக் கொடுப்பதைத்தான் போட வேண்டும். வெளிர் நிறம் கூடாது. அடர்த்தியான கலர், நெஞ்சு நிறையப் பூ, மேலே ஒரு ஷால்.

மாற்றுவதற்குக் கடைக்கோடி டிரையல் ரூம். உள்ளே போனால் லேசில் வெளியே வர மாட்டாள். தாழ்ப்பாள் சரியில்லாத கதவு என்று இஸ்திரி வாசலிலேயே ஜெயில் வார்டன் மாதிரி நிற்பார்.

துணி வாங்க வந்த இரண்டு பெண்கள் ஒருநாள் காதுபடவே பேசிக்கொண்டார்கள். "பிள்ளை பெத்தவ மாதிரியா இருக்கா? என்ன மினுக்கு பாரு." அந்தப் பெண் சிரித்துக்கொண்டே, என்ன அளவு வேண்டும் என்று கேட்டாள். அக்காவுக்குத்தான் பொறுக்கவில்லை. இரண்டு பெற்றவர் அவர். அந்த நாட்களில் நைட்டியைத் தவிர எதையும் தொடப் பிடிக்காமல் கிடந்தது ஞாபகம் வந்தது.

போதாக்குறைக்கு ஒரு பெரியம்மா வேறு. வாய் அகன்ற பெரிய பையோடு தினமும் வருவார், டிரையல் ரூம் பக்கமே சுற்றுவார், ஒரு கைக்குட்டைகூட வாங்காமல் போவார். கேட்டால், "சும்மா பாக்க வந்தேம்மா" என்பார். மற்றவர்களை ஒரு பார்வையிலேயே விரட்டுகிற இஸ்திரி, இவரை மட்டும் கண்டுகொள்வதே இல்லை.

அன்று காலை அக்கா துணிந்துவிட்டார். அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு விஷயம் பேச வேண்டும் என்று முதலாளியிடம் சொன்னார். மத்தியானம் வரச் சொன்னார் முதலாளி.

முதலாளி யாரிடமும் குரலை உயர்த்த மாட்டார். ஆனால் வீட்டு விஷயம் கடைக்குள் வரக் கூடாது என்பதில் கறார். முன்பு ஒருத்தி, கைக்குழந்தைக்காக நடுவில் ஒரு நடை வீட்டுக்குப் போய் வரட்டுமா என்று கேட்டாள். "எதுக்கும்மா சிரமம், வீட்லயே இருந்து நல்லாப் பாத்துக்கோங்க" என்று அன்பாகச் சொல்லி, வேலையை விட்டே அனுப்பிவிட்டார்.

மத்தியானம் இஸ்திரியை போனுக்குக் கூப்பிட்டார்கள். டிரையல் ரூம் வாசல் காலியாக இருந்தது. முதலாளியிடம் போவதற்கு முன் அந்தப் பெண்ணுக்கு ஒரு வார்த்தை தைரியம் சொல்லிவிடலாம் என்று அக்கா போனார்.

"இனிமே நீ பயப்படாதேம்மா, நான் பேசிக்கறேன்" என்றபடி கதவைத் தள்ளினார்.

புது டிரஸ் மடிப்புக்கூடக் கலையாமல் கொக்கியில் தொங்கியது. அந்தப் பெண் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் குழந்தை, உலகத்தில் வேறு வேலையே இல்லாத மாதிரி பால் குடித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில், உள்ளே மெத்தை விரித்த காலிப் பையோடு அந்தச் 'சும்மா பாக்க வந்த' பெரியம்மா. கழற்றிப் போட்டிருந்த டிரஸ்ஸில், பூக்களுக்கு நடுவே நெஞ்சுப் பக்கம் நனைந்திருந்தது. கிட்டத்தில் பார்த்தால்தான் தெரிந்தது.

பெண்ணின் முகம் வெளுத்துவிட்டது. "சொல்லிடாதீங்கக்கா. இவங்க என் மாமியார். பிள்ளையைத் தூக்கிட்டு வராங்க. தெரிஞ்சா வேலை போயிடும்."

பின்னால் இஸ்திரி வந்து நின்றார். ஓடி வந்ததில் முதல்முறையாக அவர் உடையில் மடிப்புக் கலைந்திருந்தது.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. உங்களை நான் என்னவெல்லாம் நெனச்சேன் தெரியுமா?" என்றார் அக்கா.

"அப்படியே நெனச்சுக்கோங்க. எல்லாரும் என்னைத் திட்டிக்கிட்டு இருக்கற வரைக்கும் இந்தக் கதவை யாரும் பாக்க மாட்டாங்க."

முதலாளி கூப்பிடுவதாக ஆள் வந்தது. இஸ்திரி கதவை மெல்லச் சாத்திவிட்டு, அதன் முன்னால் நின்றுகொண்டார்.

"என்னம்மா, அந்தப் பொண்ணு பத்தி ஏதோ சொல்லணும்னீங்களே?" என்றார் முதலாளி.

"அவ டிரஸ் மாத்துற விஷயம்தான் சார்."

"ஏன், சிரமமா இருக்காமா? வேணும்னா நிறுத்திடச் சொல்லவா?"

அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அதில்ல சார். ஒரு நாளைக்கு ரெண்டு டிரஸ் பத்தல. சாயந்தரக் கூட்டத்துக்கு முன்னாடி இன்னொண்ணும் மாத்தச் சொல்லுங்க."